அறுக்காத பயிருக்கு எதுக்குய்யா உரம்?

ஒரு சின்னக் கேள்வி, மக்களே!

நீங்க ஒரு பயிர் போடுறீங்க. காசு கொடுத்து விதை வாங்குறீங்க, தண்ணி பாய்ச்சுறீங்க. நாற்பத்தைந்து நாளில் அது இடுப்பு உயரத்துக்குப் பச்சைப்பசேல்னு நிற்கிறது. அப்போ அறுவடைன்னு நினைச்சீங்களா? அதுதான் கிடையாது. டிராக்டரை விட்டு, அத்தனையையும் சேற்றோடு சேற்றாக மடக்கி உழுதுவிடுகிறீர்கள். ஒரு மணி தானியம்கூட வீட்டுக்கு வராது.

இதுவே கொஞ்சம் ஓவர்தான். இதுக்கு மேலே, "அந்தப் பயிருக்கு உரமும் போடணும்"னு ஒருத்தர் சொன்னால் என்ன செய்வீங்க? நெல்லைச் சீமைத் தாத்தா யாரிடமாவது சொல்லிப் பாருங்க. "ஏலே, உழுது மூடப்போற பயிருக்கு எதுக்குல உரம்? காசு என்ன காட்டுலயா வெளையுது?" என்று கேட்டாலும் கேட்பார்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதுக்கு அறிவியலில் ஒரு பதில் இருக்கு. அந்தப் பதில் புரிந்துவிட்டால், உங்க ஊர் வயலை மட்டுமில்லை, அரிசி மூட்டையையும் வேற கண்ணோடு பார்ப்பீங்க.

கடனா நதிக் கரையிலிருந்து...

ஆழ்வார்குறிச்சிக்கு வாங்க. மேற்கே பொதிகை மலைத்தொடர். அங்கிருந்து இறங்கி வரும் கடனா நதி, இந்த வட்டாரத்து வயல்களை நனைத்துவிட்டுத் தாமிரபரணியோடு போய்ச் சேருகிறது. 2019-ல் மாவட்டம் பிரிந்தபோது ஊர் தென்காசிப் பக்கம் போய்விட்டது. ஆனால் விவசாயக் காலண்டர் பிரியவில்லை. தாமிரபரணிப் பாசனம் முழுக்க இருக்கும் அதே ரெண்டு பருவம்தான் இங்கேயும்: கார், பிசானம்.

பிசானம் ஐப்பசி, கார்த்திகையில் நட்டு மாசி, பங்குனியில் அறுப்பது. கார் என்பது தென்மேற்குப் பருவமழையை நம்பி ஜூன் மாதத்தில் தொடங்குவது. அணையில் தண்ணீர் இருந்தால் திறப்பாங்க, தொழி அடிப்பாங்க, நடவு நடக்கும்.

இப்போ விரல் விட்டு எண்ணுங்க. பங்குனியில் அறுப்பு முடிந்தால், அடுத்த நடவு வரைக்கும் ரெண்டு, ரெண்டரை மாதம் வயல் சும்மா கிடக்கிறது. ஆடு மேயும், பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க. நம்ம கதையின் மேடை இந்த இடைவெளிதான். சித்திரையில் ஒரு கோடை மழை கிடைத்த கையோடு விதைத்தால், அணை திறக்கும் நேரத்துக்குச் சரியாக மடக்கி உழுகிற பக்குவத்துக்கு வந்துவிடும் ஒரு கூட்டம் இருக்கிறது. பேரு பசுந்தாளுரப் பயிர்கள்.

யார் இந்தக் கூட்டம்?

தக்கைப்பூண்டு, சணப்பு, கொளுஞ்சி, மணிலா அகத்தி. எல்லாமே அவரைக் குடும்பத்துப் பசங்க. கொளுஞ்சி நம்ம பக்கத்துக்குப் புதுசே இல்லை. மழை குறைவான தரிசில் தானாக முளைத்துக் கிடக்கும். அதைப் பிடுங்கி வந்து நெல் வயலில் போட்டு மிதிப்பது பழைய பழக்கம். 1960-களில் குட்டை ரக நெல் வந்தது. 1975-ல் பக்கத்திலேயே தூத்துக்குடி ஸ்பிக் ஆலையிலிருந்து யூரியா வர ஆரம்பித்தது. மூட்டையைப் பிரித்து வீசினால் வேலை முடிந்தது என்று ஆனபிறகு, தழை சுமக்க யாருக்கு நேரம்?

இந்தக் கூட்டத்தின் ஸ்பெஷாலிட்டி என்னன்னா, காற்றிலிருந்தே உரம் தயாரிப்பது. நாம சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். தமிழில் தழைச்சத்து. ஒரு ஏக்கர் வயலுக்கு மேலே வானம் வரைக்கும் இருக்கும் காற்றில் மட்டும் கணக்குப் போட்டால் 30 ஆயிரம் டன்னுக்கும் மேல் நைட்ரஜன் இருக்கு! ஆனால் நெற்பயிரால் அதில் ஒரு கிராமைக்கூட நேரடியாக எடுக்க முடியாது. கடல் நடுவில் தாகத்தோடு நிற்கிற மாதிரி.

ஏன்னா, காற்றில் ரெண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. அதைப் பிரிக்க மனுஷன் கண்டுபிடித்த வழி ஹேபர்-பாஷ் முறை. 1909-ல் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வகத்தில் செய்து காட்டினார். 1913-ல் தொழிற்சாலைக்கு வந்தது. 400 டிகிரிக்கு மேல் சூடு, காற்றழுத்தத்தைப்போல நூறு, இருநூறு மடங்கு அழுத்தம், எரிபொருள் செலவு, எல்லாம் சேர்ந்தால்தான் அந்தக் கட்டு அவிழும்.

அதே வேலையைத் தக்கைப்பூண்டின் வேர், சாதாரண வெயிலில், சத்தமில்லாமல் செய்கிறது. வேரில் இருக்கும் குட்டிக் குட்டி முடிச்சுகளுக்குள் ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. செடி சர்க்கரை கொடுக்கும், பாக்டீரியா தழைச்சத்து கொடுக்கும். பக்கா டீலிங். 1880-களில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற ரெண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள் இந்த ரகசியத்தை உடைத்தார்கள். 1888-ல் நெதர்லாந்தின் பெயெரிங்க் அந்தப் பாக்டீரியாவையே தனியாகப் பிரித்து எடுத்துவிட்டார். மணிலா அகத்தி இன்னும் ஒரு படி மேலே: ஆப்பிரிக்காவின் செனகல் பக்கத்துச் செடியான இதுக்கு வேரில் மட்டுமில்லை, தண்டிலும் முடிச்சு வரும். தண்ணி தேங்கின வயலிலும் வேலை செய்யும்.

ஒரு எச்சரிக்கை. அவரைக் குடும்பம்னாலே எல்லாம் இந்த வேலை செய்யும்னு நினைச்சுடாதீங்க. நம்ம ரோட்டோரம் மஞ்சளாகப் பூக்கிற ஆவாரை, 'திருநெல்வேலி சென்னா' என்று வெளிநாட்டுச் சந்தை வரை பேர் வாங்கின நிலாவாரை, ரெண்டும் இதே குடும்பம்தான். ஆனால் வேரில் முடிச்சே போடாது. தழையுரமாக மிதிக்கலாம், அவ்வளவுதான். காற்றிலிருந்து கறக்கிற வித்தை அதுக்குத் தெரியாது.

ஃப்ரீயா வேலை செய்யுதே, அப்புறம் எதுக்கு உரம்?

இப்போதான் மேட்டருக்கு வர்றோம். ஃப்ரீ எல்லாம் கிடையாது, பாஸ்!

ஒரே ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க, அந்தப் பாக்டீரியா குறைந்தது 16 ஏடிபி மூலக்கூறுகளைச் செலவழிக்கிறது. ப்ளஸ் டூ உயிரியலில் படிச்சிருப்பீங்களே, உயிரணுவின் ரீசார்ஜ் கூப்பன்! அந்த ஏடிபியின் வாலில் மூன்று பாஸ்பேட் தொங்கும். பாஸ்பேட் என்றால் பாஸ்பரஸ். விவசாயி பாஷையில் மணிச்சத்து. காற்றில் தழைச்சத்து எவ்வளவு வேணும்னாலும் இருக்கு. ஆனால் மணிச்சத்து காற்றில் கிடையவே கிடையாது. மண்ணில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

மண்ணில் மணிச்சத்து குறைவாக இருந்தால் என்ன ஆகும்? தக்கைப்பூண்டு முளைக்கும், நிற்கும். ஆனால் வேர் ஓடாது, முடிச்சு குறையும், இருக்கிற முடிச்சும் டல்லடிக்கும். வயல் முழுக்க ஃபேக்டரி இருக்கு, கரண்ட் மட்டும் இல்லை என்கிற கதை. மடக்கி உழும்போது மண்ணுக்குப் போவது முக்கால்வாசி அந்த மண்ணிலேயே எடுத்த சரக்காக இருக்கும். புதுசாகக் காற்றிலிருந்து வந்தது கொஞ்சம்தான்.

அதனால்தான் வேளாண் ஆராய்ச்சியாளர்கள் பல காலமாக ஒரு யோசனை சொல்லி வருகிறார்கள்: நெல்லுக்கு என்று வைத்திருக்கும் மணிச்சத்தை, அதுக்கு முன்னால் வரும் பசுந்தாளுக்கே போட்டுவிடு. கூடுதல் செலவு இல்லை. பையிலிருந்து எடுக்கிற தேதிதான் மாறுகிறது.

அந்த மணிச்சத்து எங்கே போகும்? எங்கேயும் போகாது. நேராக மண்ணில் போட்டால், செம்மண்ணில் இரும்பு, அலுமினியமும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பயிருக்குச் சீக்கிரம் கொடுக்காது. பசுந்தாள் அதை உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்து வைத்தால், உழுது மூடின பிறகு தழை மட்க மட்க, நெல்லின் வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழும். போட்ட மணிச்சத்தில் செடி உறிஞ்சின பங்கு திரும்ப வருகிறது. கூடவே காற்றிலிருந்து பிடித்த தழைச்சத்து போனஸ்.

கணக்குப் போடுவோமா?

ஒரு ஏக்கரில் தக்கைப்பூண்டு சுமாராக வளர்ந்து 6 டன் பசுந்தழை வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். காய்ந்த எடை 1,200 கிலோ. அதில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம். அப்படின்னா 36 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருக்கும் தழைச்சத்து 20 கிலோ 700 கிராம். ஆக, ஒன்றே முக்கால் மூட்டை யூரியா வயலுக்குள்ளேயே ரெடி!

இந்த 36 கிலோவும் முதல் நெல்லுக்கே கிடைத்துவிடாது. ஒரு பகுதி மண்ணிலேயே தங்கி அடுத்தடுத்த பயிருக்குப் போகும். மணிச்சத்து நன்றாகக் கிடைத்த செடியில் இந்த 36-ல் காற்றிலிருந்து வந்த பங்கு கூடும். பட்டினி கிடந்த செடியில் 6 டன் தழையே வராது.

மணிச்சத்துக் கணக்கு இன்னும் சுவாரசியம். அதே 1,200 கிலோ காய்ந்த தழையில், உரக் கணக்குப்படி சுமார் 8 கிலோ மணிச்சத்து இருக்கும். 50 கிலோ சூப்பர் பாஸ்பேட் மூட்டை ஒன்றில் இருப்பது 16 சதவீதம், அதாவது அதே 8 கிலோ. கூடவே அந்த மூட்டையில் கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் ஓசியில் வருகிறது.

யூரியா, டிஏபி மூட்டை விலை இன்றைக்குத் தாங்கும்படி இருப்பதற்குக் காரணம் அரசு கொடுக்கும் மானியம். 2024-ல் யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, டிஏபி மூட்டை 1,350 ரூபாய். உண்மையான அடக்க விலை அதைவிட ரொம்ப அதிகம். அதில் டிஏபி விஷயம் இன்னும் சிக்கல். உலகத்தின் பாஸ்பேட் பாறை இருப்பில் சுமார் 70 சதவீதம் மொராக்கோ பக்கம் இருக்கிறது. இந்தியாவில் உதய்ப்பூர் பக்கம் கொஞ்சம் கிடைத்தாலும், பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. கடனா நதிக் கரையில் வீசும் ஒரு பிடி உரம், பாலைவனத்தைத் தாண்டி, கடலைத் தாண்டி வந்தது. அதை மண் பூட்டி வைக்கிற இடத்தில் கொட்டுவதா, திருப்பிக் கொடுக்கிற செடியிடம் கொடுப்பதா? தாத்தாவின் கேள்விக்கு நாம கேட்கும் எதிர்க்கேள்வி இதுதான்.

யூரியா கொடுத்தா சோம்பேறி ஆகிடும்!

"சரி, உரம்தானே? ரெண்டு கை யூரியா வீசிடுவோம்" என்று கிளம்பிடாதீங்க. அங்கேதான் ட்விஸ்ட்.

அம்மா தட்டில் பிசைந்து வைத்தால் நாம எழுந்து சமைப்போமா? அவரைக் குடும்பமும் அப்படித்தான். மண்ணில் ரெடிமேட் தழைச்சத்து நிறைய இருந்தால், பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து வேலை வாங்காது. முடிச்சு போடுவதையே குறைத்துக்கொள்ளும். ஆகவே பசுந்தாளுக்குக் கொடுக்க வேண்டியது மணிச்சத்து. யூரியா கிடையாது.

விதைக்கிற முறையும் சிம்பிள்தான். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதை. ஆறின அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் உயிர் உரத்தைக் குழைத்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். மணிச்சத்தைக் கடைசி உழவில் அடியுரமாகப் போடணும். 45-லிருந்து 50 நாளில், பூ எடுக்கும் பருவத்தில் மடக்கி உழணும். அதைத் தாண்டினால் தண்டு நாராகி, மட்கவே அடம்பிடிக்கும். நார்த் தண்டு மட்கும்போது மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் நுண்ணுயிர்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். நட்ட நெல் வெளுத்துப் போய் நிற்கும்.

உழுகிற வேலைக்கு இன்றைக்கு ரோட்டவேட்டர் இருக்கு. இந்த இடத்தில் ஆழ்வார்குறிச்சிக்காரங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம். 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே டிராக்டர் கம்பெனி, அமால்கமேஷன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. அந்தக் குழுமத்தைக் கட்டி எழுப்பிய அனந்தராமகிருஷ்ணன் பிறந்த ஊர் இதே ஆழ்வார்குறிச்சி!

எல்லாருக்கும் இது ஒத்து வருமா?

இல்லை. அதையும் சொல்லிடணும்.

வருஷா வருஷம் டிஏபி கொட்டின வயல்களில் மணிச்சத்து ஏற்கெனவே மண்டிக் கிடக்கும். அங்கே மேலும் போடுவது வீண். மண் பரிசோதனை செய்யாமல் எந்த மூட்டையையும் பிரிக்கக் கூடாது. 2015-லிருந்து மண்வள அட்டை கொடுக்கிறார்கள். வீட்டுப் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தால் எடுத்துப் பாருங்க.

அடுத்தது தண்ணீர். கோடை மழை ஏமாற்றினால் தக்கைப்பூண்டு முளைத்தும் முளைக்காமலும் நிற்கும். அப்படிப்பட்ட இடத்துக்கு வறட்சி தாங்கும் கொளுஞ்சி பரவாயில்லை. மூன்றாவது, பச்சைத் தழையைத் தண்ணீர் தேங்கும் வயலில் மட்க விட்டால் மீத்தேன் வாயு கூடும். உலகத்தைச் சூடாக்கும் பார்ட்டி அது. நட்ட பிறகு எப்போதும் தண்ணீரைத் தேக்காமல், காய விட்டு மறுபடி பாய்ச்சினால் அதைக் குறைக்கலாம்.

நாலாவது, எல்லாத்தையும் விடப் பெரிசு: குத்தகை. வயல் அடுத்த வருஷம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவர், மண்ணில் சேமிக்கச் சொன்னால் எப்படிச் சேமிப்பார்? அவருக்குக் கைக்குக் காசு வரும் உளுந்தோ பாசிப்பயறோதான் சரி. அதுவும் அவரைக் குடும்பமே. ஆனால் பருப்பாக வீட்டுக்கு வரும்போது தழைச்சத்தில் பெரும்பங்கும் கூடவே வந்துவிடும். நெல்லுக்கு மிச்சம் குறைவு. அந்த உளுந்துக்கே பூக்கிற நேரத்தில் 2 சதவீத டிஏபி கரைசலைத் தெளிக்கச் சொல்லித் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்கிறது. அவரைக் குடும்பத்துக்கு மணிச்சத்து கொடுப்பது நம்ம ஊருக்குப் புது விஷயம் இல்லை என்பதுக்கு இதுவே சாட்சி. பருப்புக்குக் கொடுக்கும் மரியாதையைப் பசுந்தாளுக்கும் கொடுங்க என்பதுதான் கோரிக்கை.

அரசாங்கமும் இப்போ இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறது. 2024-25 தமிழ்நாடு வேளாண் பட்ஜெட்டில் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் 2 லட்சம் ஏக்கரில் பசுந்தாளுரப் பயிர் விதைக்க உதவி என்பதும் ஒரு பகுதி. விதை வந்தால் நல்லதுதான். விதையோடு அதுக்கான சாப்பாட்டையும் யோசித்தால் இன்னும் நல்லது.

உங்களுக்கு ஒரு வேலை

"நாங்க காலேஜ் பசங்க, எங்களுக்கென்ன?"னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. பாட்டனி, மைக்ரோபயாலஜி, சுற்றுச்சூழல் எது படித்தாலும் உங்களுக்கு ஒரு சூப்பர் ப்ராஜெக்ட் இதில் இருக்கு. ஆழ்வார்குறிச்சியில் பரமகல்யாணி கல்லூரி இருக்கு, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கு. கூப்பிடு தூரத்தில் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம். நீங்க சாப்பிடுகிற இட்லி அரிசியில் பிரபலமான ஏஎஸ்டி 16 அங்கே பிறந்ததுதான். கேட்டால் வழிகாட்ட ஆள் இருக்கு.

மூன்று பாத்தி போடுங்க. ஒன்று சும்மா கிடக்கட்டும். ரெண்டாவதில் தக்கைப்பூண்டு மட்டும். மூன்றாவதில் தக்கைப்பூண்டோடு மணிச்சத்து. 30-வது நாளில் ஆளுக்கு அஞ்சு செடியை மண்ணோடு தோண்டி, வேரை மெதுவாகக் கழுவி, முடிச்சுகளை எண்ணுங்க. ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்க. உள்ளே ரோஸ் கலராக இருந்தால் வேலை நடக்குதுன்னு அர்த்தம். நம்ம ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் ஒன்றுவிட்ட சகோதரன்தான் அந்த நிறம். வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் ஃபேக்டரி லீவு. அப்புறம் 45-வது நாளில் தழையை எடை போடுங்க. மூன்று பாத்தியிலும் ஒரே ரக நெல்லை நட்டு, அறுப்பு வரைக்கும் எழுதி வையுங்க. இன்டர்நெட்டில் காப்பி அடித்த ப்ராஜெக்டுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் வைவாவிலேயே தெரியும்.

அதைவிட முக்கியம், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு தாத்தாவிடம் போங்க. "உழுது மூடப்போற பயிருக்கு எதுக்குல உரம்?" என்று கேட்டவரிடம் ரெண்டு வேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்க. லெக்சர் எதுவும் வேண்டாம். அறுபது வருஷம் மண்ணைப் பார்த்த கண்ணுக்கு, எந்த வேர் உழைத்தது என்று சொல்லித்தர வேண்டியதில்லை!